வேலை என்னவென்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: நான் பாலியல் தொழில் செய்கிறேன். நாலு மாதம் முழுகாமல் இருக்கிறேன், இந்தக் குழந்தை எனக்கு வேண்டும். ஒரு தடவை மருத்துவமனைக்குப் போனேன். பதிவு செய்யும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கணவர் பெயர், என் வேலை என்று கேட்டார்கள், பதில் வராமல் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் குழந்தையை எடுத்துக்கொள்வார்களோ, பொய் சொன்னால் வைத்தியம் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தோழி, உங்கள் வேலை என்னவென்று டாக்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் உடம்புக்கு என்ன ஆபத்து வரலாம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கவுண்டரில் வேலை கேட்டால் 'சொந்தத் தொழில்' என்று சொல்லுங்கள், கணவரைக் கேட்டால் 'கூட இல்லை' என்று சொல்லுங்கள், இதனால் எந்த மருந்தும் மாறப்போவதில்லை. உள்ளே போய் டாக்டரிடம் தனியாக, 'ஒருத்தருக்கு மேல் உறவு இருந்திருக்கிறது, சில சமயம் ஆணுறை இல்லாமலும். எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்றுக்கும் டெஸ்ட் எடுங்கள்' என்று சொல்லிவிட்டால் போதும். சிபிலிஸ் உடலுறவில் தொற்றும் பால்வினை நோய், ஹெபடைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் தொற்று. கர்ப்பிணி யாராக இருந்தாலும் செய்ய வேண்டிய டெஸ்ட்தான் இவை, நீங்கள் கேட்பதில் யாரும் புருவம் உயர்த்த ஒன்றுமில்லை. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, முன்பு கலைந்தது அல்லது கலைத்தது, குடி, சாப்பிடும் மாத்திரை, யாராவது அடிக்கிறார்களா, இவற்றில் மட்டும் பொய் வேண்டாம்.

டெஸ்ட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சிபிலிஸ் வெளியே தெரியாமல் உள்ளே இருந்து குழந்தையை வயிற்றிலேயே கொன்றுவிடலாம், ஆனால் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். எச்ஐவி இருந்து சிகிச்சை எடுக்காவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம், முறையாக மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. முதல் டெஸ்ட்டில் இல்லை என்று வந்தாலும் கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு முறை எடுங்கள். அப்புறம், 'மாசமாத்தானே இருக்கே, இனி எதுக்கு ஆணுறை' என்று சொல்லும் வாடிக்கையாளர் கட்டாயம் வருவார். கர்ப்ப காலத்தில் புதிதாக எச்ஐவி தொற்றினால் அது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு ரொம்ப அதிகம், அந்த ஆளிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்று வரும் திட்டங்களில் பல ஆணுறை கொடுக்கும், எச்ஐவி டெஸ்ட் எடுக்கும், அதோடு சரி, உங்களுக்கும் பிள்ளை ஆசை இருக்கும் என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. மகப்பேறுப் பிரிவிலோ வருகிறவர்கள் எல்லோரும் கணவரோடுதான் வருவார்கள் என்று நினைத்துப் படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், பார்க்கும் நேரமோ காலை, அதாவது நீங்கள் ராத்திரி வேலை முடிந்து தூங்கப் போகிற நேரம். இதில் உங்கள் தப்பு எங்கே இருக்கிறது?

குழந்தையை எடுத்துக்கொள்வார்களா என்பதற்கு நான் இங்கே உட்கார்ந்து வாக்குக் கொடுக்க மாட்டேன், சட்டம் ஊருக்கு ஊர் மாறும். பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்பு பக்கத்தில் இருந்தால் அங்கே கேளுங்கள், இல்லையென்றால் இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். எந்த மருத்துவமனையில் மரியாதையாக நடத்துவார்கள் என்பதும் அந்த அமைப்பில் இருப்பவர்களுக்கு அத்துபடி. ஆனால் ஒன்று, கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் வலியோடு போய் நின்றால்தான் கேள்விகள் இன்னும் அதிகமாகும்.

பிரசவத்துக்குள் 8 முறை பரிசோதனை, அதில் முதல் முறை 12 வாரத்துக்குள் என்று 2016 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, பரவாயில்லை, இந்த வாரமே போங்கள். இடையில் ரத்தம் போனாலோ, தலை பிளக்கிற மாதிரி வலித்துப் பார்வை மங்கினாலோ நேரம் காலம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் பிள்ளை பெற்ற, வாய் கொஞ்சம் நீளமான ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கவுண்டரில் அவர் பேசட்டும்.