ஃபாஸ்டர் பிள்ளையின் பாஸ்போர்ட், பணம், போன்: முடிவெடுப்பது யார்?

கேள்வி: லண்டனில் ஃபாஸ்டரிங் செய்ய, அதாவது பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறோம். வரப்போகும் பிள்ளையின் ஆவணங்கள், பணம், போன், சமூக ஊடகம் இதிலெல்லாம் நாங்கள் எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நானும் என் கணவரும் கிழக்கு லண்டனில் ஒன்பது வருஷமாக ஃபாஸ்டரிங் செய்கிறோம். பிள்ளைகளின் வயதையும் சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்; ஏன் என்பது கீழே புரியும்.

முதல் பிள்ளை வந்தபோது என் மாமியார் சொன்னது: "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கம்மா." சாப்பாட்டுக்கும் பாசத்துக்கும் அது சரி. காகித விஷயத்தில் அதே நினைப்போடு இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

ஏழு வயதுப் பெண் காது குத்தாமல் இருப்பது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. திருச்சியிலிருந்து குட்டிக் கம்மல் வாங்கிவந்தார். சனிக்கிழமை குத்திவிடலாம் என்று நானும் கடையில் நேரம் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை வேறு ஏதோ பேசும்போது, பிள்ளைக்குப் பொறுப்பான சோஷியல் வொர்க்கரிடம் (கவுன்சில் என்கிற உள்ளாட்சியின் ஊழியர்) இதைச் சொல்ல, அவர் பதறிப்போனார். பெற்ற தாயின் சம்மதம் இல்லாமல் கூடாது. தாயிடம் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். கம்மல் அந்தப் பெண்ணின் பொருட்கள் பட்டியலில் ஏறி, அவள் கிளம்பியபோது டப்பாவோடு அவளுடனே போனது.

இங்கே 1989-ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட்தான் அடிப்படை. பேரண்டல் ரெஸ்பான்ஸிபிலிட்டி என்கிற, பிள்ளைக்காக முக்கிய முடிவுகள் எடுக்கும் உரிமை ஃபாஸ்டர் பெற்றோருக்குக் கிடையாது. பெற்றோர் சம்மதித்து செக்‌ஷன் 20-இன் கீழ் வந்த பிள்ளை என்றால் அது முழுக்கப் பெற்றோரிடமே இருக்கும். பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் வைக்கும் கேர் ஆர்டரை கோர்ட் போட்டிருந்தால் கவுன்சிலுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் நம் கையில் ஒப்படைக்கிற அளவுக்குத்தான் நம் அதிகாரம். அதற்குப் பெயர் டெலிகேட்டட் அதாரிட்டி. எதெது நம் முடிவு என்று பிளேஸ்மென்ட் பிளானில் (பிள்ளை நம் வீட்டில் இருப்பதற்கான எழுத்துத் திட்டம்) எழுதியிருக்க வேண்டும். "அதெல்லாம் நீங்களே பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே ஒரு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். (தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவது மாதிரியானவை பெரும்பாலும் நம் முடிவுதான். அந்த வீட்டாருக்கு போலீஸ் செக் எல்லாம் தேவையில்லை.)

பாஸ்போர்ட் கைக்கு வர நாள் கணக்குப் போடாதீர்கள், மாதக் கணக்குப் போடுங்கள். கேர் ஆர்டர் இருந்தால், ஒரு மாதத்துக்கும் குறைவான வெளிநாட்டுப் பயணத்துக்குக் கவுன்சிலே அனுமதி தரலாம். எங்களிடம் இருந்த பதினாலு வயதுப் பெண் செக்‌ஷன் 20. அக்கா மகள் கல்யாணத்துக்கு அவளையும் ஊருக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டோம். அப்படியென்றால் அவள் அம்மாவின் சம்மதம் வேண்டும்; அவர் கையெழுத்துப் போடவில்லை. தெரியாத வீட்டில் அவளை இரண்டு வாரம் விட எனக்கு மனசு வரவில்லை. என் கணவர் மட்டும் போனார். தாலி கட்டுவதை நான் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன்.

போன்தான் தினசரித் தலைவலி. அதே பெண்ணின் போன் அவள் அம்மா வாங்கித் தந்தது, சிம்மும் அம்மா பெயரில். ராத்திரி ஒரு மணிவரை நோண்டுகிறாளே என்று ஒருநாள் பிடுங்கி வைத்தேன். மறுநாள் எனக்குத்தான் பாட்டு விழுந்தது. அம்மாவிடம் பேச அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த போன். குடும்பத் தொடர்பைத் தண்டனையாக வெட்டக் கூடாது. அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். ஒன்பதரைக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் சமையலறை சார்ஜருக்குப் போய்விடும், எங்களுடையதும்தான். முதல் வாரம் அதிகம் தவித்தது என் கணவர். திருட்டுத்தனமாக அவள் போனைத் திறந்து பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் அவளிடமும் சோஷியல் வொர்க்கரிடமும் சொல்லிவிட்டுத்தான். வாட்ஸ்அப் இங்கே வயது வரம்பை 2024 ஏப்ரலில் 16-லிருந்து 13-ஆகக் குறைத்தது, இன்ஸ்டாகிராமுக்கும் 13. அதற்குக் கீழே என்றால் நான் விவாதத்துக்கே போவதில்லை.

ஆனால் பெரிய தவறு எங்கள் பக்கமிருந்துதான் நடந்தது. பொங்கலுக்கு வந்த உறவுக்காரப் பெண் எல்லோரும் இருக்கிற படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். அதில் எங்களிடம் இருந்த ஃபாஸ்டர் பிள்ளை பள்ளி ஸ்வெட்டரோடு நிற்கிறாள், சின்னம் பளிச்சென்று தெரிகிறது. அவள் இருக்கும் இடம் தெரியவே கூடாத ஒருவரிடமிருந்து இரண்டே நாளில் அவளுக்குச் செய்தி வந்தது. அவளை வேறு வீட்டுக்கு மாற்றுவதுவரை பேச்சு போய், தப்பியது. இப்போது எந்த விசேஷமானாலும் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். "ரொம்பத்தான் பண்றா" என்று பின்னால் பேசுகிறார்கள், பேசட்டும். படம் எடுக்காமல் இருப்பதில்லை. அச்சுப் போட்டு ஆல்பத்தில் ஒட்டுகிறேன், ஆல்பம் பிள்ளையுடையது.

பணம் எளிது, கணக்கு எழுதினால். வாராந்தர உதவித்தொகையில் பிள்ளையின் கைச்செலவுக்கும் சேமிப்புக்கும் எவ்வளவு என்பதைக் கவுன்சிலோ, நாம் ஃபாஸ்டரிங் ஏஜென்சி மூலம் செய்தால் அந்த ஏஜென்சியோ சொல்லும். சேமிப்பு பிள்ளை பெயரில் இருக்கட்டும். வீடு மாறினால் அதுவும் கூடப் போகவேண்டும். வேறு வீட்டிலிருந்து ஒரு பையன் குப்பைப் பையில் துணியோடு வந்தான். அவன் சேமிப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. தொடர்ந்து 12 மாதம் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அரசே ஜூனியர் ஐசா என்கிற சிறுவர் சேமிப்புக் கணக்கில் 200 பவுண்டு போடும். 18 வயதுவரை யாரும் தொட முடியாது. 2002 செப்டம்பருக்கும் 2011 ஜனவரி தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு அதற்குப் பதில் சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் என்கிற பழைய சேமிப்புக் கணக்கு இருக்கும். கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. வேலைக்குப் போகத் தேவைப்படும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் 16 வயதுக்குச் சற்று முன் தபாலில் தானாக வரும், வீட்டில் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்கியிருந்தால். நம்மிடம் இருக்கும் பிள்ளைக்கு நாம் அதை வாங்குவதில்லை. அதனால் சோஷியல் வொர்க்கர் விண்ணப்பிக்க வேண்டும்; பதினைந்து முடியும் முன்பே நச்சரிக்க ஆரம்பியுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் கடிதம் வந்துவிட்டதாம். "எனக்கு மட்டும் ஏன் வரலை ஆன்ட்டி?" என்று அந்தப் பையன் கேட்டான். சைல்ட் பெனிஃபிட் கதையை அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அன்று ராத்திரியே மூன்றாவது மெயிலைத் தட்டினேன்.