ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் தண்டனை அனுபவிப்பது நியாயமா?

குற்றம் செய்தது நாம், சாவது இயேசுவா, கோபம் கொண்ட தகப்பன் மகனை அடித்துக் கோபம் தீர்த்துக்கொண்டது போல இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகப் பிரசங்கிப்பார்கள். நாலாவது, "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி"; என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அர்த்தம். அந்த இடத்தில் அநேகமாக ஒரு நீதிபதி கதை வந்துவிடும்: தூக்குத் தண்டனை விதித்தவர், கைதிக்குப் பதிலாகத் தன் மகனை அனுப்பினாராம். பெஞ்சு பெஞ்சாகக் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு அந்தக் கதை ஆகவே ஆகாது. பிதாவையும் குமாரனையும் இரண்டு கட்சியாக்கிவிடுகிறது. அதுதான் உபதேசம் என்றால், அநியாயம் என்று நானும் சொல்வேன். அந்த நாலாவது வார்த்தையே சங்கீதம் 22-இன் தொடக்கம். 24-ஆம் வசனத்தில், உபத்திரவப்பட்டவனுக்குக் கர்த்தர் தம் முகத்தை மறைக்கவில்லை என்று இருக்கிறது.

கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் தேவனே என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:19). அடிபட்டவர் வெளியாள் இல்லை. யாருக்கு விரோதமாகப் பாவம் செய்தோமோ, அவரேதான். அண்ணனுடைய பனைவிளையைத் தம்பி ஏமாற்றி எழுதி வாங்கி, விற்றும் தின்றுவிட்டான் என்று வையுங்கள். அண்ணன் கேஸ் போடாமல் மன்னித்தால் அந்த நஷ்டம் எங்கே போகும்? அண்ணன் தலையில்தான் விடியும். மன்னிக்கிறவன் சுமக்காத மன்னிப்பு என்று ஒன்று கிடையாது. சிலுவையை நான் இப்படித்தான் நம்புகிறேன்.

நமக்காக நொறுக்கப்பட்டார் என்பது ஏசாயா 53-லேயே இருக்கிறது. அதை விளக்கிய விதம்தான் காலத்துக்குக் காலம் மாறியது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற இறையியல் அறிஞர், தேவனுடைய கனத்துக்குச் செய்யும் ஈடு என்றார். 16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் தண்டனை, தீர்ப்பு என்ற பக்கமாகக் கொண்டுபோனார். நம் பிரசங்க மேடைகளில் கேட்கும் கோர்ட்டுப் பாஷை பெரும்பாலும் அந்த வழி வந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மரணத்தை ஜெயித்ததையே முன்னால் வைக்கும்.

சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. "கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமாகி" என்ற ஏசாயா 53:10 எனக்கு இன்றைக்கும் கடினமான வசனம். அதைத் தனியாக வாசிக்க மாட்டேன். தம் ஜீவனைப் பற்றி இயேசு "நானே அதைக் கொடுக்கிறேன்" என்று சொல்லும் யோவான் 10:18-ஐப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன்.