பட்டம் வாங்கி வேலை பார்க்கிறேன். கல்லூரியில் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.2 தான். அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். இந்த வருடமே விண்ணப்பிக்கலாமா என்பதற்குத்தான் உங்கள் மார்க் ஷீட்டைப் பார்க்க வேண்டும்.

நான் இங்கே படித்து டாக்டரானவன். தெரிந்தவர்களின் பிள்ளைகள் இதே கேள்வியோடு மார்க் ஷீட்டை அனுப்பிவைப்பார்கள். எந்தப் பாடத்தில், எந்த வருடத்தில் இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். மொத்த ஜி.பி.ஏ. எல்லாம் அப்புறம்.

ஒருவர் முதல் வருடம் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் சி வாங்கித் தடுமாறியவர். கடைசி வருடத்தில் பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி இரண்டிலும் ஏ. இன்னொருவருக்கு ஆரம்பம் அமர்க்களம்; ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் தொடங்கிய சரிவு பட்டம் வாங்கும்வரை நிற்கவில்லை. இருவருக்கும் 3.2 தான். முதலாமவரை விண்ணப்பிக்கச் சொல்வேன், இரண்டாமவரைப் பொறுத்திருக்கச் சொல்வேன். எம்.டி. (அமெரிக்காவில் டாக்டராவதற்கான முதல் மருத்துவப் பட்டம்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனி ஜி.பி.ஏ. போடுகிறது, வருடவாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. சுலபமான பாடங்களில் ஏ வாங்கி இதை மறைக்க முடியாது.

எம்.டி.யில் இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. சமீப வருடங்களில் 3.75-ஐத் தாண்டிவிட்டது; எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வின் சராசரி, 528-க்கு 511-க்கு மேல். 'சரி, போஸ்ட்-பேக் படித்து ஏற்றிவிடுகிறேன்' என்பார்கள்; பட்டத்துக்குப் பிறகு கூடுதலாகப் பாடங்கள் எடுப்பதுதான் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட் 3.2-இல் முடித்தவர், மேலும் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் 3.36 தான் வரும். ஒரு வருட உழைப்புக்கும் பணத்துக்கும் அவ்வளவுதான் ஏறும். ஆனால் அந்த 30 கிரெடிட்டும் கடினமான அறிவியல் பாடங்களாக இருந்தால், இவர் இப்போது தாக்குப்பிடிப்பார் என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியும். போஸ்ட்-பேக் படிப்பதே அதற்காகத்தான். பழைய பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய கிரேடு அழியாது, இரண்டும் கணக்கில் சேரும். டாக்டராவதற்கான இன்னொரு வழியான டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பள்ளிகளிலும் 2017 முதல் இதே கதைதான்.

டி.ஓ. என்றதும் வீட்டில் 'அது அசல் டாக்டர் இல்லையே' என்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 முதல் ரெசிடென்சிக்கும் (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) எம்.டி.க்காரர்களோடு ஒரே மேட்ச்தான், அதாவது இடம் ஒதுக்கும் முறை ஒன்றுதான். அங்கே சேருபவர்களின் சராசரி மதிப்பெண்ணும் சற்றுக் குறைவு. 3.2 உள்ளவர் இதை விட்டுவிட்டு எம்.டி.க்கு மட்டும் விண்ணப்பிப்பது வீண் வீம்பு.

எம்கேட்டை 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று எழுதாதீர்கள். வாழ்நாளில் 7 முறைதான் எழுத முடியும். வாங்கிய எல்லா மதிப்பெண்ணையும் பள்ளிகள் பார்க்கும்.

நீங்கள் மாணவர் விசாவில் இருந்தால் கதையே வேறு. பெரும்பாலான பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. எடுப்பவை எவை என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால், வேலையை விடாமல் அடுத்த செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரியும் செல் பயாலஜியும் எடுப்பேன். இரண்டிலும் ஏ வந்தால் எம்கேட்டுக்குத் தேதி போடுவேன். திணறித் திணறி பி-தான் வந்தது என்றால், வேலையைத் தொடர்ந்தபடி, விண்ணப்பத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது தள்ளிவைப்பேன்.