கூரைக்குச் சோலார், மகளுக்குத் தொழில்: எதை முதலில் செய்வது?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் கேட்டது இது:

"ஐயா, வீட்டில நானும் மகளும் அம்மாவும்தான். கரண்ட் பில் மாதம் அறுபது யூனிட்டுக்கு உள்ளதான் வரும். போன கிழமை ஒரு கம்பனித் தம்பி வந்தவர். காபனைக் குறைக்க அரசாங்கம் காசு குடுக்குது, பாதியை அவையள் போடுவினம், மிச்சத்துக்கு லோன் எடுத்து அஞ்சு கிலோவாட் சோலார் போடுங்கோ, மாதம் இருபதாயிரத்துக்கு மேல வரும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். கச்சான் தோட்டத்துக்கு இன்னும் மண்ணெண்ணெய் மோட்டர்தான் ஓடுது. மகள் சாதாரண தரம் எழுதி முடிச்சிட்டாள். வயரிங் வேலை படிக்க வேணும் எண்டு நிக்கிறாள். இந்தத் துறையில பிள்ளைக்கு வேலை இருக்கோ? நகையை அடகு வைச்சு எதைச் செய்யிறது?"

அம்மா, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மகளைப் படிக்க அனுப்புங்கள், அதற்கு நகை தேவைப்படாது. கூரைச் சோலாரை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். உங்கள் வீட்டில் வெயிலுக்கு முதல் வேலை இருப்பது கூரையில் இல்லை, தோட்டக் கிணற்றடியில். ஏன் என்று சொல்கிறேன்.

"அரசாங்கம் காசு தருது" என்ற பேச்சை முதலில் எடுப்போம். நாடு எடுத்த உறுதி உண்மைதான். 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைத் தண்ணீர், காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து எடுப்பது, 2050இல் காபன் சமநிலைக்கு, அதாவது வெளியே விடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமனாகும் நிலைக்கு, வருவது என்று இலங்கை உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி ஆலை இருக்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம். ஆனால் வீட்டுக்காரருக்கு அந்த உதவி பெரும்பாலும் கைக்காசாக வருவதில்லை. உங்கள் பனல் தரும் மின்சாரத்தை 20 வருடத்துக்கு இன்ன விலையில் வாங்குவோம் என்ற ஒப்பந்தமாக வரும். இல்லையென்றால் வட்டி குறைந்த கடனாக வரும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் 50 மில்லியன் டொலரில் கூரைச் சோலாருக்கு வங்கிகள் ஊடாகக் கொடுத்தது அப்படியான கடன்தான். மானியம் திரும்பிப் போகாது. கடன் வட்டியோடு போகும். அந்தத் தம்பி "பாதி" என்று சொன்னது எது என்று கேளுங்கள். மானியம்தான் என்றால் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிரதியை வாங்கிப் பிரதேச செயலகத்தில் காட்டுங்கள். அதைக் காட்டத் தயங்குபவரின் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்தது அவர் சொன்ன இருபதாயிரம். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பனல் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். அப்படியென்றால் ஐந்து கிலோவாட்டுக்கு மாதம் 600 யூனிட். கார்த்திகை, மார்கழி மழை மூட்டத்தில் இதற்குக் கீழே இறங்கும், பங்குனியில் ஏறும். 2016இல் சூரிய பல சங்கிராமம் என்ற அரசின் கூரைச் சோலார்த் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு 13 வருடம் 15 ரூபாய் 50 சதம் என்று வைத்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அது 37 ரூபாய் ஆனது. 600ஐ 37ஆல் பெருக்கிப் பாருங்கள்: 22,200. தம்பி சொன்ன கணக்கு இதுதான். ஆனால் 37 ரூபாய் அந்தக் காலத்தில் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு உரியது. 2024இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 27 ரூபாய்க்கு இறங்கியது, அதன் பிறகு இன்னும் குறைந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் என்ன விலையோ அதுதான் உங்கள் விலை. பக்கத்து வீட்டுக்காரர் 37 எடுக்கிறார் என்பதால் உங்களுக்கும் 37 வராது.

கணக்குக்காகப் பத்து இலட்சம் ரூபாய்க் கடன், 12 வீத வட்டி, 7 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,650 ரூபாய் அளவில் வரும். யூனிட் 27 ரூபாயாக இருந்தால் வருமானம் 16,200. 20 ரூபாயாக இருந்தால் 12,000. மிச்சத்தை ஏழு வருடம் கச்சான் விற்ற காசில் கட்ட வேண்டும். மாதம் 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கோ, குளிரூட்டி ஓடும் கடைக்கோ இதே சோலார் நல்ல முதலீடு, ஏனென்றால் அதிகம் எரிப்பவர் யூனிட்டுக்குக் கட்டும் மேல்படி விலை அவர்களுக்கு மிச்சமாகும். 60 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு மின்சாரம் ஏற்கெனவே கீழ்ப்படி விலையில்தான் வருகிறது. அங்கே மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதில் முக்கியமாக மூன்று முறை உண்டு, பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் சனம் குழம்பிப்போகிறது. நெட் மீட்டரிங் என்றால் நீங்கள் கொடுத்த யூனிட் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், காசு வராது. நெட் அக்கவுண்டிங் என்றால் எரித்தது போக மிஞ்சியதற்குக் காசு. நெட் பிளஸ் என்றால் பனலில் எடுத்தது முழுவதையும் விற்று, எரித்ததற்கு வேறாகப் பில் கட்டுவது. உங்களுக்குக் காட்டிய தாளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கூரையையும் பார்க்க வேண்டும். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடென்றால் 550 சதுர அடி அளவில் இருக்கும். ஐந்து கிலோவாட்டுக்கு 550 வாட் பனல் ஒன்பது வேண்டும், ஒவ்வொன்றும் 28 கிலோ வரை பாரம். கூரையின் ஒரு பக்கம் முழுதும் போய்விடும், மரச்சலாகைக்கு மேலே 250 கிலோ ஏறும். அது போதாதென்று சோளகக் காற்று கீழிருந்து தூக்கும். அந்தப் பக்கம் வடக்குப் பார்த்ததாகவோ பனைகளின் நிழல் விழுவதாகவோ இருந்தால் 4 யூனிட் கணக்கை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. கரண்ட் நின்றால் இந்தச் சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்பவருக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வேட்டர், அதாவது பனலின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, தானாக நின்றுவிடும். பற்றரி வைத்தால்தான் வீட்டில் வெளிச்சம். அதோடு எங்கள் ஊர்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, ட்ரான்ஸ்போமரிலிருந்து லைன் நீளமாக வருகிறது. லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் நல்ல மத்தியான வெயிலில் வோல்டேஜ் ஏறி, இன்வேட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடும். வருமானம் வரவேண்டிய நேரத்தில்தான் அது நிற்கும். ஆகவே விண்ணப்பம் போடும்போதே உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று மின்சார சபைக் காரியாலயத்தில் கேளுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க இருட்டானது நினைவிருக்கும். வெயில் நன்றாக, பாவனை குறைவாக இருந்த நாள் அது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. வெயிலை வாங்கித் தாங்க லைனும் பற்றரியும் இன்னும் போதாது என்பதுதான் அதன் பொருள். இது சரி வரும், வர வேண்டும். ஆனால் அதுவரை உள்ள சுமையை 60 யூனிட் வீடு கடன் வாங்கிச் சுமக்கத் தேவையில்லை.

சரி, இனிக் கிணற்றடிக்கு வருவோம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் 2.5 கிலோ அளவில் கரியமில வாயு வெளியே போகிறது. உங்கள் மோட்டர் ஒரு போகத்தில் எத்தனை லீற்றர் குடிக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், ஒரு போகத்துக்கு மட்டும் போதும். அந்தக் காசுதான் சோலார் பம்பின் வருமானம். இதற்கு லைன் வேண்டாம், மின்சார சபை ஒப்பந்தம் வேண்டாம், யூனிட் விலை இறங்கினால் கவலையும் இல்லை. ஒரு குதிரைவலு பம்புக்கு ஒன்றரை கிலோவாட் அளவு பனல் காணும். ஆழமில்லாத கிணற்றிலிருந்து பகலில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, பின்னேரம் தொட்டியிலிருந்து பயிருக்கு விடலாம். பற்றரி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், தொட்டிதான் உங்கள் பற்றரி. பம்பை வாங்க முன் கோடைகாலத்தில், ஆடி ஆவணியில், கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று கயிறு விட்டு அளந்து வைத்திருங்கள். அந்த அளவு இல்லாமல் பம்பைத் தெரிவு செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணெய்க் காசு இல்லையென்றவுடன் நாள் முழுக்க இறைக்க மனம் வரும். வவுனியாப் பக்கம் பாறைக்கு மேலே மெல்லிய படையாகத்தான் தண்ணீர் நிற்கிறது. பூநகரி போன்ற கரையோரங்களில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும், ஏறிய உப்பு இலேசில் இறங்காது. மழைத்தூவல் (ஸ்பிரிங்ளர்) போட்டு, தேவையான அளவுக்கு மட்டும் இறையுங்கள்.

இப்போது மகளின் விஷயம். இதைத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

வேலை இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்பதை நாங்கள் பிழையாகப் பார்க்கிறோம். மன்னாரில் தம்பபவனி காற்றாலை 30 விசைச்சுழலிகளோடு 103.5 மெகாவாட்டுக்கு நிற்கிறது. கட்டும்போது ஆட்கள் நிறையப் பேர் வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சிலரே போதும். மன்னார்ச் சனம் 2025இல் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று தெருவில் இறங்கியதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஊருக்குள் வரும் திட்டம் ஊர்ப் பிள்ளைக்கு நிலையான தொழிலைத் தரவேண்டும் என்பது என் பிடிவாதம். பெரிய திட்டங்களில் அது இன்னும் நடக்கவில்லை. அதனால் பிள்ளையின் வேலையை நான் சின்ன இடங்களில் தேடுவேன். ஏற்கெனவே போட்ட பனல்களுக்குப் பராமரிப்பு வேண்டும். இந்தியாவின் மானியத்தில் 5,000 கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல்களுக்குத் தலா 5 கிலோவாட் போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றை யார் கழுவுவது, யார் பரிசோதிப்பது? இடி மின்னலில் பழுதான இன்வேட்டரைத் திருத்த இப்போது கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கிழமைக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மாங்குளம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பில் திடீரென்று கூடிவிட்டது என்றார்கள். கூரையில் ஏறிப் பார்த்தால் இரண்டு பனலை இணைக்கும் கொனெக்டர் கருகி, பிளாஸ்ரிக் உருகி, ஓட்டில் ஒட்டிக் கிடக்கிறது. கைக்கு எடுத்தபோது எரிந்த மணம் இன்னும் போகவில்லை. உள்ளே பார்த்தேன். வயரை அதற்குரிய கிரிம்பிங் குறட்டால் அழுத்தவில்லை, சாதாரணக் குறட்டால் நசித்து விட்டிருக்கிறார்கள். பிடி தளர்ந்து, சூடேறி, எரிந்திருக்கிறது. கீழே கிடுகுக் கொட்டில், அதற்குள் வைக்கோல். பனல்களைத் தொடுத்த வயரில் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், பல நூறு வோல்ட்டில் ஓடும். அது வீட்டுக் கரண்டைப் போல அல்ல, பொறி பிடித்தால் விடாமல் எரியும். அன்றைக்கு அந்த வீடு தப்பியது. அதைப் போட்ட பொடியனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கொனெக்டரைச் சரியாக அழுத்தத் தெரிந்த ஆட்கள்தான் எங்கள் ஊருக்கு வேண்டும்.

அதைப் படிக்கும் இடம் உங்களுக்குத் தூரமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 2016இல் திறந்தது. மின்துறையில் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமை, 4ஆம் மட்டத்திலிருந்து மேலே படிக்கலாம். பரந்தன் சந்தியில் இறங்கி ஏ9 வீதியால் போகும் பஸ் பிடித்தால் போதும். அங்கே இம்முறை இடம் கிடைக்காவிட்டால் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் மின்னிணைப்புப் படிப்பைக் கேளுங்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை வேலைத்தளத்திலேயே பழக்கும். அரச நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை, இருந்தாலும் சிறு தொகைதான். காபனைக் குறைக்க நாடு செய்யும் உதவியில் உங்கள் வீட்டுக்கு மிகப் பெறுமதியானது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் சோலார்ப் படிப்பு என்று தேட வேண்டாம். வயரிங்கை, ஏர்த்திங்கை (நிலத்தொடுப்பை), மீற்றர் பிடித்து அளப்பதை ஒழுங்காகப் படிக்கட்டும். சோலார் அதற்கு மேலே சில கிழமைகளில் ஏறிக்கொள்ளும். அத்திவாரம் இல்லாமல் சோலார் மட்டும் படித்தவர்தான் அந்தக் கொனெக்டரை எரித்தவர். 4ஆம் மட்டம் முடிந்தால் 5, 6 என்று டிப்ளோமா வரை போகலாம், 7 பட்டத்துக்குச் சமன். ஊரில் ஏற்கெனவே வயரிங் செய்துகொண்டு சான்றிதழ் இல்லாமல் இருக்கும் அண்ணன்மார் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: செய்த வேலையைக் காட்டி, பரிசோதனைக்குத் தோற்றி, படிக்கப் போகாமலேயே என்.வி.கியூ. எடுக்க வழி இருக்கிறது.

பெண் பிள்ளை கூரையில் ஏறுவதோ என்று சனம் கதைக்கும். அது உங்களுக்கும் ஒரு மூலையில் இருக்கும் என்று நினைக்கிறேன், கடிதத்தில் எழுதவில்லை. ஆண்கள் இல்லாத எத்தனையோ வீடுகள் எங்கள் வன்னியில் இருக்கின்றன. பகலில் தாய் மட்டும் இருக்கும் வீட்டில் மீற்றரைப் பார்க்க, உள்ளே வயரைச் சோதிக்க, ஒரு பெண் வந்தால் அந்தத் தாய்க்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பாதுகாப்புப் பட்டியும் சப்பாத்தும் இல்லாமல் யாரையும் கூரையில் ஏற்றக் கூடாது, அது பொடியனுக்கும் பொருந்தும்.

கம்பனித் தம்பி திரும்பி வந்தால் கோபப்பட வேண்டாம். கடந்த 12 மாதப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள்: உங்கள் நிறுவனம் அரசின் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவா, இன்றைக்கு ஒப்பந்தம் செய்தால் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய், இன்வேட்டர் பழுதானால் எத்தனை நாளில் யார் வருவார்? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். மகளையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்.