வளாகப் பாலியல் புகார்கள்: எதை நம்புவது, எதைச் சான்றாகக் கொள்வது?

கேள்வி: மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். சம்பவம் அங்கேதான் நடந்தது. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில், "இது கேரளம், தமிழ்நாட்டில் போய்க் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (ஒரு தந்தை, வேலந்தாவளம்)

பதில்: அனுப்பியது தவறு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பாராமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள்.

கேள்வி: நடந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை; நேரில் பார்த்தவரும் இல்லை. என் சொல் மட்டும் நிற்குமா? (மாணவி, சித்தூர்)

பதில்: நம்பத்தக்கதாக இருந்தால் நிற்கும். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பிக்கை தருமானால் வேறு ஆதரவுச் சான்றைத் தேட வேண்டியதில்லை என்பதை 1996இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தாமதமாகப் புகார் தருவதையும் அதே தீர்ப்பு பரிவோடு பார்த்தது. உடலிலிருந்து எடுக்கும் தடயங்கள் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் கிடைப்பது அரிது. அவை இல்லாததால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பாலியல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிலோ, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். முதலில் யாரிடம் சொன்னீர்கள், அன்றைய விடுதிப் பதிவேடு என்ன சொல்கிறது என்பவற்றை இன்றே எழுதி வையுங்கள். கைபேசியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். சிசிடிவி பதிவு வேண்டும் என்று கல்லூரிக்கு உடனே எழுதுங்கள். பல இடங்களில் ஒரு மாதத்துக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கேள்வி: என் தோழிக்குக் கல்லூரியில் ஒரு பிரச்சினை. என்ன செய்யலாம்?

பதில்: எப்போது, எங்கே, யாரால், என்ன நடந்தது என்ற நான்கில் ஒன்றைக்கூட எழுதாத கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. குழுவிடம் புகார் தர மூன்று மாதங்கள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதங்கள். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்து முழு விவரத்துடன் எழுதுங்கள். தோழி கைபேசியில் எதையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு புகார். சம்பவத்துக்கு மறுநாள் அந்தப் பெண் கேன்டீனில் தோழிகளுடன் சிரித்துக்கொண்டிருந்தாள் என்கிறார்கள். அன்றிரவே அந்தப் பேராசிரியருக்கு "குட் நைட் சார்" என்று செய்தியும் அனுப்பியிருக்கிறாள். எப்படி நம்புவது? (குழு உறுப்பினர், பொள்ளாச்சி)

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ஏதாவதொரு வடிவில் தொடர்ந்து வருகிறது, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்ந்திருப்பவரிடமிருந்தே வருவதுதான் வேதனை. சிரிப்பு எதற்கும் சான்று அன்று. அக மதிப்பெண்ணும் ஆய்வுக் கையெழுத்தும் யார் கையில் இருக்கின்றனவோ அவருக்கு "குட் நைட் சார்" அனுப்புகிற பெண், நேற்று வரை அனுப்பியதை இன்று நிறுத்தினால் என்ன நேருமோ என்று அஞ்சியும் அனுப்பியிருக்கலாம். அந்தச் செய்தியைப் பற்றி அவளிடம் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், அவள் தரும் விளக்கத்தைப் பதிவு செய்யுங்கள், அது மற்ற விவரங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கேட்காமலேயே அதை முடிவாக எழுதிவிடுவதுதான் குற்றம். "பெண்ணின் முகத்தில் வருத்தம் தெரியவில்லை" என்ற ஒரே வரியில் புகாரைத் தள்ளிய அறிக்கையை நான் படித்திருக்கிறேன். முகத்தை வைத்து முடிவு செய்வதற்கு மூன்று மாத விசாரணை எதற்கு? அழுதாள் என்பதற்காக நம்புவதும் இதே பிழைதான். எதிர்த்தரப்பினருக்கு வியர்த்தது என்பதும் சான்றாகாது.

முரண்களைப் பொறுத்தவரை, எது மையம், எது ஓரம் என்று பிரித்துப் பாருங்கள். யார், எந்த அறையில், என்ன செய்தார் என்பது மாறினால் கவலைப்பட வேண்டும். மணி மூன்றா மூன்றரையா, கதவு முதலில் சாத்தியிருந்ததா என்பவை மாறினால், அச்சத்தில் இருந்த யாருடைய நினைவும் அப்படித்தான் இருக்கும். அவளுடைய பழைய காதல், உடை, பழக்கவழக்கம் பற்றி ஒரு கேள்வியும் கூடாது. சம்மதமே கேள்வியாக இருக்கும் வழக்கில் முந்தைய பாலியல் அனுபவம் பொருட்டன்று என்று பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டமே 48ஆம் பிரிவில் சொல்கிறது. இவ்வளவு சோதனையையும் அவளுக்கு வைக்கும் குழு, பேராசிரியரின் கூற்றையும் அதே கண்டிப்போடு சோதித்ததா என்பதை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: புகார் கொடுத்த பெண்ணின் வாட்ஸ்அப் உரையாடல் ஸ்க்ரீன்ஷாட் எங்கள் குழுமத்தில் வந்தது. இணைத்துள்ளேன். இது செல்லுமா? (கோவிந்தாபுரம்)

பதில்: இணைப்பைத் திறக்காமலேயே அழித்துவிட்டேன், நீங்கள் அதை இனி யாருக்கும் அனுப்பக் கூடாது. பாலியல் குற்றத்துக்கு உள்ளான பெண்ணை அடையாளம் காட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்திலேயே, 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் தந்த மாணவியின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது; உயர் நீதிமன்றம் 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பலர் கை மாறி வந்த படத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. மூலக் கைபேசியும், மின்னணுச் சான்றுக்குச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும்தான் நீதிமன்றத்தில் பேசும். அந்தப் பொள்ளாச்சி வழக்கில் 2025இல் ஒன்பது பேருக்குச் சாகும் வரை சிறை கிடைக்கக் கருவிகளிலிருந்து மீட்ட பதிவுகள் பெரிதும் உதவின; சாட்சி சொன்ன பெண்களும் பிறழவில்லை.

கேள்வி: தமிழில் சொன்னதைக் கல்லூரி எழுத்தர் மலையாளத்தில் எழுதினார். இப்போது "முன்னுக்குப் பின் முரண்" என்கிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: முரண் உங்களுடையதா, எழுத்தருடையதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். உங்கள் கைப்படத் தமிழில் முழு வாக்குமூலம் எழுதி, அதுவே மூலம் என்று குறிப்பிட்டுக் குழுவிடம் தந்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மலையாளப் பிரதியில் எந்த வரி பிழை என்பதைத் தனித்தாளில் காட்டுங்கள். தமிழில் வாசித்துக் காட்டாத பக்கத்தில் இனிக் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: என் தம்பி மேல் பொய்ப் புகார். அந்தப் பெண் மேல் வழக்குப் போடலாமா? (பாலக்காடு)

பதில்: நிரூபிக்க இயலாத புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே பிரித்துவைத்திருக்கிறது; தீய நோக்கத்துடன் தரப்பட்டது என்று விசாரணையில் தனியே நிறுவப்பட வேண்டும். இப்போது உங்களுக்குத் தேவை முறையான விசாரணை. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவிகள் தந்த புகார்களைக் குழு அவசரமாக விசாரித்ததால், பேராசிரியரின் பணிநீக்கத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து விசாரணையைத் திரும்ப நடத்தச் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அன்று அந்த மாணவிகளுக்கும் முடிவு கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை. புகார் நகலைக் கேட்டு வாங்குங்கள். பத்து நாட்களுக்குள் ஆவணங்கள், சாட்சிகள் பட்டியலுடன் பதில் தாருங்கள். அந்தப் பெண்ணையோ அவள் வீட்டாரையோ யார் மூலமும் அணுகாதீர்கள். உங்கள் தம்பியின் கைபேசியிலும் எதையும் அழிக்க வேண்டாம்.