காடு திருத்திய பூட்டனை எந்த ஆவணத்தில் தேடுவது?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. "தரிசாகக் கிடந்த காட்டைத் திருத்தி இங்கே முதலில் குடியேறினவர் நம்ம பூட்டன்தான்" என்று அப்பா சொல்வார். அவர் எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெயரை வைத்துத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: பெயரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில், குடும்பப்பெயரும் இல்லாத நிலையில், பெயரை மட்டும் நம்பினால் வேறொருவரின் பூட்டனைக் கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். நிலம் இடம் மாறாது. அதன் எண் மாறும், ஆனால் எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணானது என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கிறது.

அப்பா பெயரிலோ சித்தப்பா பெயரிலோ உள்ள பட்டாவை எடுங்கள். அந்தப் புல எண்ணுக்கு, கிராமத்து நிலங்களைப் புல எண் வரிசையில் எழுதிய அ-பதிவேட்டைப் பாருங்கள். பழைய புல எண்ணுக்கு அதில் ஒரு பத்தி உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்தில் உட்பிரிவுகளும் பெயர்களும் புதிதாக எழுதப்பட்டன. பல குடும்பங்களுக்குப் பழைய பெயர் மறைந்துபோவது இந்த இடத்தில்தான். அதனால் தாலுகா அலுவலகத்தில் கேட்கும்போது "யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடு" என்று தெளிவாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம்.

அதற்கும் முன்னால் போனால் இரண்டு பதிவேடுகள் முக்கியம். ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயத்துவாரி கிராமங்களை, அதாவது உழவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய கிராமங்களை, அளந்து தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு. மற்றது, ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து எழுதிய ரீசெட்டில்மெண்ட் பதிவேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவதில் உங்கள் புலம் "தரிசு" என்று இருந்து, இரண்டாவதில் பூட்டன் பெயரில் பட்டாவாக இருந்தால், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் கைக்கு அந்த நிலம் வந்திருக்கிறது. அப்பா சொன்ன கதைக்கு இதைவிட நல்ல சாட்சி அமையாது. முதலாவதிலேயே வேறொருவர் பெயர் இருந்தால், பூட்டன் விலைக்கு வாங்கியிருக்கலாம். அதையும் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வாங்கி வந்து உழுது ஊன்றியதும் பெரிய வரலாறுதான்.

தரிசைப் பயிருக்கு எடுக்க விரும்பியவர் அரசுக்கு மனுக் கொடுப்பார். அதற்குத் தரக்காஸ்து என்று பெயர். அந்த மனுக்கட்டுகள் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருந்தால் பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிலம் என்ற குறிப்பு இருக்கும். அது கண்ணில் பட்டால் உடனே நகல் வாங்கி வையுங்கள். உரிமை சார்ந்த விஷயம் அது.

இன்னொன்று, உங்கள் ஊர் இன்று விருதுநகர் மாவட்டம். ஆனால் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதற்கு முந்தைய தாள்களைத் திருநெல்வேலி என்ற தலைப்பில்தான் கேட்க வேண்டும். ஊர் ஜமீனில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். ஜமீன் கிராமம் என்றால் மேலே சொன்ன இரண்டு பதிவேடும் இருக்காது. 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த அளவைதான் பெரும்பாலும் முதல் அரசுப் பதிவாக இருக்கும். இனாம் கிராமம், அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாகக் கொடுத்த கிராமம் என்றால் 1860களை ஒட்டி எழுதிய இனாம் பதிவேடு உண்டு, அது மிக விரிவானது.

அப்புறம் பத்திரங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் வரும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து அட்டவணையில் தேடித் தரச் சொல்லுங்கள். நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயமாக இல்லாததால் சின்ன நிலங்களுக்குப் பத்திரமே இல்லாமல் போயிருக்கும். அப்போது பக்கத்து நிலக்காரரின் பத்திரத்தைப் பாருங்கள். அதன் நான்கெல்லையில் "இன்னார் புஞ்சைக்கு மேற்கு" என்று உங்கள் பூட்டன் பெயர் வந்துவிடும். பூட்டியின் பெயரைத் தேடுகிறவர்கள் பாகப்பிரிவினை, தானம், விடுதலை (பங்கை விட்டுக்கொடுக்கும்) பத்திரங்களைப் பாருங்கள். பட்டாவில் வராத பெண்கள் அங்கே வருவார்கள்.

தேதியில் கவனம் வேண்டும். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் அறுபது வருடம் முன்பின் ஆகிவிடும். "சாதாரண" என்பது 1850, 1910, 1970 மூன்றுக்கும் பொருந்தும். பசலியோ பத்திர எண்ணோ துணைக்கு இல்லாமல் ஆண்டை முடிவு செய்யாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ஆள்வாரித் தாள்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது.

இவ்வளவும் "எப்போது" என்ற கேள்விக்குத்தான். "எங்கிருந்து" என்பதற்கு வருவாய்ப் பதிவேடு பதில் சொல்லாது. அதற்கு உங்கள் குலதெய்வத்திடம் போக வேண்டும். சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ வெளியூர்க் கோயில் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போவீர்களா? அப்படியானால் புறப்பட்ட ஊர் அந்தச் சுற்றுவட்டாரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோயில் சொந்த ஊரிலேயே இருந்தால், எந்த மூலக் கோயிலிலிருந்து பிடிமண் (அங்கிருந்து ஒரு பிடி மண்) எடுத்து வந்து கட்டியது என்று பூசாரியிடமும் மூத்த அத்தைமார்களிடமும் கேளுங்கள். அந்த மூலக் கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியை எழுதும் பழைய நோட்டு இருந்தால், எந்தெந்த ஊரிலிருந்து பங்காளிகள் வருகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். அந்த ஊர்களில் ஒன்றின் பழைய பதிவேட்டில் பூட்டனின் தகப்பனார் பெயர் கிடைக்கிறதா என்று அடுத்துத் தேடுங்கள். அத்தைமார்களிடம் பேசுவதை மட்டும் தாலுகா அலுவலகம் போவதற்கு முன்பே, இந்த வாரமே முடித்துவிடுங்கள்.