அப்பா ஜாடை

அன்புள்ள ஐயா,

காலமான அப்பாவின் முகத்தைக் கரியில் வரைய மூன்று மாதமாக முயல்கிறேன். கையில் இருப்பது ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான். கண், மூக்கு, வாய் தனித்தனியாகச் சரியாக வருகின்றன. சேர்த்துப் பார்த்தால் யாரோ போல இருக்கிறார். விரலால் தேய்க்கத் தேய்க்க முகமே புகைமூட்டமாகிவிடுகிறது. எனக்குக் கை வராதா?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

கையில் குறையில்லை. கண்ணிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இரண்டு வருஷம் வீணடித்தேன். இமைமயிர் வரை வரைந்துவிட்ட கண், இடம் தப்பியிருப்பது தெரிந்தாலும் அழிக்க மனசு வராது. அப்புறம் மூக்கும் வாயும் அதற்கேற்ப நகர்ந்துகொண்டே போகும்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைப் பாருங்கள். இமையும் விழியும் மறைந்து, புருவத்தடியில் இரண்டு இருட்டுக் குழிகள், மூக்கடியில் ஒன்று, கீழுதட்டுக்கு அடியில் ஒன்று, அவ்வளவுதான் மிஞ்சும். தெருமுனையில் வரும்போதே அப்பா என்று தெரிந்ததே, இமை தெரிந்தா தெரிந்தது? கரிக்குச்சியைப் படுக்கவைத்து அந்த இருட்டுகளை மட்டும் முதலில் தீற்றுங்கள். வில்லோ கரி (வில்லோ மரக்குச்சியைச் சுட்டுச் செய்தது) என்று கேட்டு வாங்குங்கள். துணியால் தட்டினாலே போய்விடும், பத்து தடவை இடம் மாற்றலாம். அழுத்திச் செய்த கரி லேசில் போகாது. அதைக் கடைசியில் கருவிழிக்கும் நாசித்துளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை கரியைத் தாளோடு ஒட்டவைத்துவிடும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் மாவுபோலப் பிசையக்கூடிய அழிரப்பரைக் கூராக உருட்டி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் கரியில் வரைந்த தன்னுருவத்தைத் தேடிப் பாருங்கள். பக்கவாட்டு முகம் நிதானமாக வந்திருக்கும். கையோ, கரியைப் படுக்கப்போட்டு மேலும் கீழுமாக இழுத்த முரட்டுக் கோடு மட்டும். ஆனாலும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அது கைதான்.

உங்கள் சிக்கலில் பாதி அந்த பாஸ்போர்ட் படம். ஸ்டுடியோக்காரர் நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எல்லா நிழலையும் துடைத்திருப்பார். கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். ஏதாவதொரு ஓரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் அப்பா நின்றிருக்கலாம். இல்லையென்றால், வீட்டில் அப்பா ஜாடை யாருக்கு? அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து நாலு நாள் வரைந்து பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

வரைந்ததைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள். கரி உதிராமலிருக்க ஹேர் ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால்.